பிள்ளைகளுக்கு முன் பெரியவர்களைச் சேருங்கள்: வன்னியில் ஒரு சாரணர் குழுவை வளர்ப்பது பற்றி

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பாடசாலைக்கு முதல் நியமனம் கிடைத்து வந்திருக்கிறீர்கள். பழைய சாரண ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனதால் அதிபர் குழுவை உங்கள் கையில் தந்துவிட்டார். 11 பிள்ளைகள்தான் மிச்சம், உதவிக்கு ஒருவரும் இல்லை. சுவரொட்டி அடித்து முகநூலிலும் போட்டால் பிள்ளைகளும் தொண்டர்களும் வருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுவரொட்டியை இப்போதைக்கு விடுங்கள். 11 பிள்ளைகள் குறைவே இல்லை. 1907இல் சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் பாசறைக்கே 20 பேர்தான் வந்தார்கள், அவர்களையும் நான்கு அணிகளாகப் பிரித்து வைத்துத்தான் நடத்தினார். உங்களிடம் இப்போதே இரண்டு அணி இருக்கிறது. இல்லாதது பெரியவர்கள்.

வன்னியில் நான் பார்த்த வரையில் பிள்ளைகள் வராததால் நின்றுபோன குழுக்கள் மிகக் குறைவு. பொறுப்பாசிரியருக்கு இடமாற்றம் வந்ததால் நின்றவைதான் கூட. கஷ்டப் பிரதேச சேவைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற ஆசிரியர் நல்லவராக இருப்பார், பிள்ளைகளும் அவரோடு ஒட்டிக்கொள்வார்கள், ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறினால் திங்கட்கிழமை காலைதான் திரும்பி வருவார், சில வருடத்தில் சேவைக்காலம் முடிந்து ஊருக்கே போய்விடுவார். அது அவருடைய பிழை இல்லை, அவருக்கும் வீடு, வயதான தாய் தகப்பன் என்று இருக்கிறது. ஆனால் அவர் போன அடுத்த தவணையில் கூடார அறையின் திறப்பு எங்கே என்றே யாருக்கும் தெரியாது. உங்கள் குழுவிலும் நடந்தது இதுதானே? நீங்களும் ஒருநாள் இடமாற்றம் பெற்றுப் போவீர்கள். அதை மனதில் வைத்துத்தான் இப்போதே வேலை செய்ய வேண்டும்.

ஆகவே நான் சொல்வது இதுதான்: அந்த ஊரிலேயே நிரந்தரமாக இருக்கும் 3 பெரியவர்கள் கிடைக்கும் வரை புதிய பிள்ளைகளுக்குப் பெரிய அழைப்பு எதுவும் விடாதீர்கள். முதலில் 40 பிள்ளைகளைக் கூப்பிட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். நீங்கள் ஒருவர்தான். ஒரு பிள்ளைக்குக் கயிறு கட்டக் காட்டிக்கொண்டிருக்கும்போது மற்ற 39 பேரும் வெயிலில் வரிசையில் நிற்பார்கள். மூன்றாவது கிழமை அதில் பாதிப்பேர் வரமாட்டார்கள், ஒருமுறை சலித்துப் போன பிள்ளையைத் திரும்பக் கூப்பிடுவது புதுப் பிள்ளையைக் கூப்பிடுவதைவிடக் கடினம். "அங்க போனா சும்மா நிக்க வேணும்" என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிடுவார்கள்.

பெரியவர்களை எப்படிப் பிடிப்பது என்பதற்குப் போக முதல், பெற்றோரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கொழும்பிலோ கண்டியிலோ நடத்தும் பயிற்சிகளில் இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

வன்னியில் ஒரு தாயிடம் போய் "உங்கள் மகனை அனுப்புங்கள், சீருடை போட்டுப் பயிற்சி கொடுப்போம், பாசறைக்குக் கூட்டிக்கொண்டு போவோம்" என்று சொன்னால் அவர் மனதில் என்ன ஓடும் என்று நினைத்துப் பாருங்கள். 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்த நாட்கள் தெரியாது. ஆனால் இன்று தரம் 8 படிக்கிற பிள்ளையின் தாய்க்கு அப்போது பதினாறு, பதினேழு வயது இருந்திருக்கும். அந்த வயதுப் பிள்ளைகளைப் போருக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் வீட்டுக்காரர் எப்படியெல்லாம் காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். சிலரைக் காப்பாற்ற முடியவில்லை என்பதும் தெரியும். சீருடை, அணிவகுப்பு, விசில், கையில் தடி, பெயர் எழுதுகிற கொப்பி, பிள்ளைகளை ஏற்றிப்போக வந்து நிற்கிற வாகனம், இதில் எது அந்தத் தாய்க்கு எதை ஞாபகப்படுத்தும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. அவர் வாய் திறந்து சொல்லவும் மாட்டார். "ரியூசன் இருக்கு சேர்" என்று மட்டும் சொல்வார். நீங்கள் ரியூசன்தான் பிரச்சினை என்று நினைத்து நேரத்தை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் சில விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். முதல் சந்திப்பில் யாருடைய பெயரையும் எழுதாதீர்கள். வந்து பார்க்கட்டும், போகட்டும், இரண்டாம் மூன்றாம் முறை தாங்களாக வரும்போது படிவத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், தாயோ தகப்பனோ அம்மம்மாவோ யார் பிள்ளையை வளர்க்கிறாரோ அவர் ஆறுதலாக வாசித்துக் கையெழுத்து வைக்கட்டும். முதல் சில மாதத்துக்கு அணிவகுப்பே வேண்டாம். மரியாதை செலுத்துவதும் வரிசையில் நிற்பதும் சாரணியத்தில் ஒரு சின்னப் பகுதிதான், அதைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சமைப்பது, முதலுதவி, கயிறு, தடம் பார்ப்பது, விளையாட்டு, இவற்றோடு தொடங்குங்கள். முதல் நிகழ்வுக்கு எந்தப் படைச் சீருடைக்காரரையும், எந்தக் கட்சிக்காரரையும் விருந்தினராகக் கூப்பிடாதீர்கள். காசு தருகிறோம், வாகனம் தருகிறோம் என்று வந்தாலும் நன்றி சொல்லி விலகிக்கொள்ளுங்கள். அந்த ஒரு படம் போதும், பத்துத் தாய்மார் பிள்ளைகளை அனுப்பாமல் விட.

கூட்டம் நடக்கும் இடத்தில் பெற்றோர் உட்கார நாலு கதிரை எப்போதும் போட்டிருக்கட்டும். எந்த நேரமும் வந்து பார்க்கலாம் என்று சொல்லுங்கள், சொன்னபடி இருங்கள். ஒரு மாதத்துக்கு என்ன செய்யப்போகிறோம், எங்கே, யார் நிற்பார்கள், எத்தனை மணிக்குப் பிள்ளை வீட்டில் இருக்கும், என்ன நம்பருக்கு எடுக்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். 5 மணிக்கு விடுவோம் என்றால் 5 மணிக்கு விட வேண்டும். பின்னேரம் யானை இறங்குகிற ஊர்களில் இது உயிர் விஷயம், உங்கள் பக்கமும் அப்படித்தான்.

"இது யாருடைய இயக்கம்?" என்று ஒரு தகப்பன் கட்டாயம் கேட்பார். கேட்பது நல்லது. நேராகப் பதில் சொல்லுங்கள்: இங்கிலாந்தில் தொடங்கியது, 1912இல் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் இலங்கைக்கு வந்தது, 1957இல் பாராளுமன்றச் சட்டத்தால் பதியப்பட்ட சங்கம், எந்த மதமும் எந்தக் கட்சியும் இதற்குச் சொந்தம் இல்லை, எல்லா மாவட்டத்திலும் எல்லா இனப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், 2024 பெப்ரவரியில் திருகோணமலையில் நடந்த தேசிய ஜம்போறி என்ற பெரும் பாசறையில் ஒரே மைதானத்தில் கூடாரம் அடித்தார்கள். சாரணருக்கான உயர்ந்த விருதாகிய ஜனாதிபதி விருது எடுத்தால் வேலை கிடைக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள். விருது ஒரு நல்ல சான்றிதழ், அவ்வளவுதான். நம்பிக்கை கொடுத்துவிட்டு அது நடக்காமல் போனால் அந்த வீட்டில் அடுத்த பிள்ளையை அனுப்பமாட்டார்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் பெற்றோர் கேட்க முதல் நீங்களே சொல்லுங்கள். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள், பாசறையில் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் படுப்பதில்லை, பிள்ளையோடு தனியாக இரவில் வட்ஸ்அப்பில் கதைப்பதில்லை. உலகச் சாரணர் அமைப்பு இதைத் தன் கொள்கையாகவே வைத்திருக்கிறது. உதவிக்கு வருகிறவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் கிராம அலுவலரின் நற்சான்றிதழ் வாங்குங்கள், அதிபருக்கு எழுத்தில் அறிவியுங்கள், மாவட்டச் சாரண ஆணையாளருக்கும் பெயரைக் கொடுங்கள். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவரை எடுக்கவே வேண்டாம். பிள்ளைகளுக்கு 1929 என்ற இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள், அது சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவச இலக்கம். சீருடையைவிட இது முதலில் வேண்டும்.

படங்களை முகநூலில் போடுவது பற்றி: பெற்றோரின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் ஒரு பிள்ளையின் முகத்தையும் போடாதீர்கள்.

சரி, இப்போது பெரியவர்கள்.

பொதுக்கூட்டத்தில் எழும்பி நின்று "யாராவது உதவிக்கு வாருங்கள்" என்று கேட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். எல்லோரும் கைதட்டுவார்கள், நல்ல விஷயம் என்பார்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். தனித்தனியாகப் போய்க் கேட்க வேண்டும், வீட்டுக்குப் போய், படியில் இருந்து கதைத்துக் கேட்க வேண்டும். இந்த ஒரு இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் பின்னிற்கிறார்கள், கேட்கக் கூச்சம். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். சொல்லட்டும், அடுத்தவரிடம் போங்கள்.

கேட்கும்போது "சாரணர் குழுவுக்கு உதவி செய்ய வருவீர்களா" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒருவராலும் ஆம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் எவ்வளவு நேரம், எத்தனை வருடம், என்ன வேலை என்று எதுவும் தெரியவில்லை. "வருகிற சனிக்கிழமை பின்னேரம் 3 மணியிலிருந்து 4 மணி வரை, 11 பிள்ளைகளுக்கு வலைக்காரர் போடுகிற முடிச்சு காட்ட வேணும், கயிறு நான் கொண்டுவாறன்" என்று கேளுங்கள். அதற்கு ஆம் என்று சொல்வது சுலபம். வந்து ஒருமுறை பிள்ளைகளோடு இருந்தவர் திரும்ப வருவார். திரும்ப வந்த பிறகு இன்னும் கொஞ்சம் பெரிய வேலை கொடுங்கள். ஒரு வருடம் கழித்து அவர் சாரணத் தலைவருக்கான அடிப்படைப் பயிற்சிக்குப் போகலாமா என்று தானே கேட்பார், தலைவர்களுக்கான உயர்பயிற்சிச் சின்னமாகிய தருச்சின்னம் எல்லாம் அதற்குப் பிறகு. முதல் மாதத்திலேயே ஒருவரைப் பிடித்துப் பயிற்சிக்கு அனுப்பினால் பயந்து ஓடிவிடுவார்.

யாரைக் கேட்கலாம்? இங்கேதான் வன்னியின் பலம் இருக்கிறது, தம்பி. நகரத்துக் குழுக்கள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிற பாதி விஷயத்தை இங்கே ஆட்கள் அன்றாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். முல்லைத்தீவுக் கரையிலும் அளம்பிலிலும் கடற்றொழில் செய்கிறவர்களைவிட யார் கயிறு கட்டச் சொல்லிக்கொடுப்பார்? கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குக் கம்பு நட்டு வரிச்சுக் கட்டுகிற ஒரு ஐயாவைக் கூப்பிட்டால் பாசறைக்கு வாசல் கட்டவும் மேசை கட்டவும் அவரே ஆசிரியர். பாலை, வீரை, முதிரை என்று மரத்தை இலையைப் பார்த்துச் சொல்லுகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள், ஆனி ஆடியில் பாலைப்பழம் எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தெரியும், கரடி எந்தப் பக்கம் என்பதும் தெரியும். திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே மழையில் அடுப்பு மூட்டிச் சமைத்த அம்மாமாருக்கு நெருப்பு வேலை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களைக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் ஆசிரியராக இருத்துங்கள். வேறு எந்தக் கூட்டத்திலும் அவர்களை அந்த இடத்தில் யாரும் இருத்தியிருக்க மாட்டார்கள். போரில் கால் இழந்தவர், கண் பார்வை குறைந்தவர் என்று உங்கள் ஊரிலும் இருப்பார்கள். நடக்க முடியாது என்று தாங்களே விலகி நிற்பார்கள், நீங்கள் விடாதீர்கள். கணக்கு வழக்கு பார்க்க, முதலுதவி சொல்லித்தர, வானத்தில் நட்சத்திரம் காட்ட, தையல் சொல்லித்தர நடக்கத் தேவையில்லை.

இன்னொரு கூட்டம் இளையவர்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும் வரையும், பிறகு பல்கலைக்கழகம் கூப்பிடும் வரையும் எத்தனை பெடியன்கள் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள், சந்தியில் நிற்கிறார்கள். அவர்களில் ஒருகாலத்தில் சாரணராக இருந்தவர் யார் என்று பழைய வரவுப் பதிவேட்டைப் பாருங்கள். பதிவேடு இல்லையென்றால் பழைய மாணவர் சங்கத்தில் கேளுங்கள். அவர்கள் திரிசாரணராகவும், அதாவது மூத்த இளைஞர் பிரிவிலும், சேரலாம், சின்னப் பிள்ளைகளுக்கு அண்ணாமாராக நிற்கலாம். நிரந்தரமாக இருக்கமாட்டார்கள் என்பது உண்மை, ஆனால் போகிறவர் தன் தம்பியைக் கொண்டுவந்து விட்டுப் போவார். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன, வவுனியாவில் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அங்கே படிக்கிற பழைய சாரணர்கள் விடுமுறையில் ஒரு நாள் பாசறைக்கு வருவார்கள், கேட்டால்.

அரச உத்தியோகத்தர்களில் பிரதேச செயலகத்து அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்ப நல உத்தியோகத்தர், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஊரில் விழிப்புணர்வு நிகழ்ச்சி செய்ய வேண்டிய கடமை இருக்கிறது. அவர்களுடைய வேலைக்கும் நம்முடைய வேலைக்கும் பொருந்துகிற இடத்தில் பிடியுங்கள். செஞ்சிலுவைச் சங்கக் கிளை முதலுதவிக்கு வரும்.

பெண்களைக் கேட்க மறக்காதீர்கள். குருளைச் சாரணர் பிரிவுக்குத் தாய்மாரும் ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளும்தான் மிகப் பொருத்தம், அங்கே 7, 8 வயதிலேயே பிள்ளை பழகிவிட்டால் தரம் 6க்கு வரும்போது நீங்கள் தேடிப்போக வேண்டியதே இல்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்துக்குப் போய் கடைசியில் பத்து நிமிடம் கேளுங்கள். வன்னியில் ஒரு ஊரை அசைக்கக்கூடிய சங்கம் அதுதான் என்பது என் அனுபவம். குடும்பத்தைத் தனியாகத் தூக்கி நிறுத்திய பெண்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறை "இது நல்லது" என்று சொன்னால் ஊர் முழுக்கக் கேட்கும்.

கொடுப்பனவு பற்றிய கேள்வி வரும். 2009க்குப் பிறகு பல வருடம் இங்கே எந்தப் பயிற்சிக்குப் போனாலும் போக்குவரத்துக் காசும் சாப்பாட்டுப் பொதியும் கொடுத்தார்கள். அப்போது அது தேவைப்பட்டது, ஆட்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பழக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம்மிடம் அந்தக் காசு இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதேநேரம் நாள்கூலிக்குப் போகிற ஒருவர் வேலையை விட்டு வந்தால் அவருக்கு நட்டம் வரக்கூடாது, அவர் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் அடிக்கும் காசையாவது குழுவின் பணத்திலிருந்து கொடுங்கள், வேலை இல்லாத நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். காலபோக அறுவடை நேரத்தில் ஒரு கமக்காரரிடம் போய் சனிக்கிழமை வாருங்கள் என்று கேட்பது சரியில்லை.

நேரம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, பாதை வெள்ளம், பிள்ளைகள் சைக்கிளில் வர முடியாது. மாசி பங்குனியில் அறுவடை, பெரிய பிள்ளைகளும் வயலில் நிற்பார்கள். ஞாயிறு காலை அறநெறி, தேவாலயம். சனி முழுக்க ரியூசன். புதிய கூட்டத்தை எந்த நேரத்தில் வைப்பது என்று நீங்கள் தனியாக முடிவெடுக்காதீர்கள், ஊரில் ரியூசன் நடத்துகிற ஆசிரியரிடமே போய்க் கேளுங்கள். அவரை எதிரியாக நினைக்காமல் முதலில் போய்க் கதைத்தால் ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கித் தருவார், அவருடைய வகுப்பிலேயே அறிவித்தும் விடுவார். வேறு வழியில்லையென்றால் கிழமை நாளில் பாடசாலை விட்டதும் வையுங்கள், பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் திரும்பி வர வேண்டிய தேவை இருக்காது. ஆனால் பசியோடு இருப்பார்கள். கஞ்சியோ கௌப்பியோ ஏதாவது வேண்டும், அதை அணிகளே முறைவைத்துச் சமைத்தால் அதுவும் ஒரு பயிற்சி.

இனிப் பிள்ளைகள். பெரியவர்கள் 3 பேர் நிற்கிறார்கள், பெற்றோருக்கு விஷயம் தெரியும் என்ற நிலைக்கு வந்த பிறகு இது சுலபமான பகுதி. காலைக்கூட்டத்தில் பேசி வருவதைவிட ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கூட்டிவருவதுதான் நிலைக்கும். உங்கள் 11 பேரிடமும் "ஆளுக்கு ஒரு சிநேகிதரைக் கொண்டுவாருங்கள்" என்று ஒரு நாளைக் குறித்துக் கொடுங்கள். அந்த நாளில் உரை, மாலை, விளக்கேற்றல் ஒன்றும் வேண்டாம். மைதானத்தின் ஓரத்தில் அடுப்பு மூட்டி ரொட்டி சுடட்டும், இரண்டு மரத்துக்கு நடுவில் கயிற்றுப் பாலம் கட்டி நடக்கட்டும், ஒருவரைக் காயப்பட்டவர் போலக் கிடத்தி சாரத்திலும் தடியிலும் தூக்குக்கட்டில் செய்து தூக்கட்டும். வந்த பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது, கை வைக்க வேண்டும். முதல் நாளிலேயே தன் கையால் எதையாவது கட்டி, எதையாவது சுட்டுச் சாப்பிட்ட பிள்ளை வீட்டில் போய்க் கதைக்கும்.

ஒரு அணிக்கு 6 முதல் 8 பேர். அதற்கு மேல் வந்தால் புதிய அணி பிரியுங்கள், ஒரு அணியை 15 பேராக வீங்க விடாதீர்கள். அணித் தலைவருக்கு உண்மையான பொறுப்பு கொடுங்கள்: யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று பார்ப்பது அவருடைய வேலை. இரண்டு கிழமை வராத பிள்ளையின் வீட்டுக்கு அணித் தலைவரும் இன்னொருவரும் சைக்கிளில் போய் விசாரித்துவிட்டு வந்தால், அந்தப் பிள்ளை விலகுவது அரிது. ஆசிரியர் போனால் விசாரணை என்று நினைப்பார்கள், பிள்ளை போனால் அப்படி இருக்காது.

காசுதான் பல பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்துகிறது. முழுச் சீருடை, தொப்பி, இடுப்புப்பட்டி, சப்பாத்து எல்லாம் சேர்ந்தால் 2022 நெருக்கடிக்குப் பிறகு ஒரு கூலிக் குடும்பத்தால் தாங்க முடியாது. பிள்ளை உறுதிமொழி எடுத்துச் சின்னம் சூட்டும் வரை கழுத்துப்பட்டி மட்டும் போதும் என்று வையுங்கள், அதையும் துணி வாங்கி ஊர்த் தையல் அக்காவிடம் மொத்தமாகத் தைத்தால் மிகக் குறைவு. பெரிய பிள்ளைகளின் சின்னதாகிப்போன சேட்டுகளைத் திருப்பி வாங்கி அலுமாரியில் வையுங்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்பது உங்களுக்கும் அந்தப் பிள்ளைக்கும் மட்டும் தெரிந்தால் போதும். சாரணர் வேலை வாரத்தில் பிள்ளைகள் வீடுகளிலும் அலுவலகங்களிலும் சின்ன வேலை செய்து காசு சேர்க்கும்போது, ஊர் ஆட்கள் அவர்களை நேரில் பார்க்கிறார்கள். அது நிதிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளை ஒழுங்காக வணக்கம் சொல்லி, கொடுத்த வேலையை வடிவாகச் செய்துவிட்டு வந்தால் அந்தத் தெருவில் அடுத்த முறை கதவு திறக்கும்.

ஊர் கண்ணில் படுகிற சேவைதான் உண்மையான விளம்பரம். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு எவ்வளவு சனம் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். தண்ணீர்ப் பந்தலில் நிற்பது, தவறிப்போன சின்னப் பிள்ளைகளைத் தாயிடம் சேர்ப்பது, வயதானவர்களைக் கைப்பிடித்து வரிசையில் விடுவது, அடுத்தநாள் குப்பை பொறுக்குவது, இவற்றைச் செய்கிற சாரணர்களை ஒரே நாளில் மூன்று மாவட்டத்துச் சனம் பார்க்கும். மன்னார்ப் பக்கத்துக் குழுக்களுக்கு ஆவணியில் மடு மாதா திருவிழா இருக்கிறது. முதலில் ஆலய நிருவாகத்தோடு கதைத்து என்ன தேவை என்று கேட்டுவிட்டுப் போங்கள், பாரமாகப் போய் நிற்கக்கூடாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்று, சனம் பாடசாலைகளில் தங்கியதை ஊரில் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு நேரத்தில் எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், எந்தக் கிணறு உப்பாகாமல் இருக்கும், எந்தப் பாதை முதலில் மூடும் என்று ஊரின் வரைபடம் ஒன்றை உங்கள் பிள்ளைகள் இப்போதே கீறி வைத்தால், அதைக் கிராம அலுவலரே வந்து கேட்பார். பெற்றோரும் இதை விளையாட்டு என்று சொல்லமாட்டார்கள்.

நடைப்பயணம் போகும்போது ஒரு எச்சரிக்கை. முத்தையன்கட்டுக் குளக்கட்டு, கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் நினைவிடம், தான்தோன்றீஸ்வரர் கோயில் என்று உங்களைச் சுற்றி நல்ல இடங்கள் இருக்கின்றன. ஆனால் பழகிய பாதையை விட்டுக் காட்டுக்குள் இறக்காதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை பல வருடமாக நடந்தாலும் வெடிக்காத பொருட்கள் இன்னும் மண்ணுக்குள்ளிருந்து வருகின்றன. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை என்ன சொல்கிறது, தெரியாத இரும்பைக் கண்டால் தொடாமல் வந்தவழியே திரும்பி யாரிடம் சொல்ல வேண்டும் என்று முதல் பாடமாகவே சொல்லிக்கொடுங்கள். முதல் நாளே போய்ப் பாதையை நடந்து பார்த்துவிட்டு, ஊர் ஆள் ஒருவரை முன்னால் விட்டுப் போங்கள்.

கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்காதீர்கள். மாணவத் தலைவர்களும் நல்ல புள்ளி எடுக்கிறவர்களும் எப்படியும் எல்லாவற்றிலும் இருப்பார்கள், சாதாரண தரப் பரீட்சை வந்ததும் முதலில் விலகுகிறவர்களும் அவர்கள்தான். கடைசி வாங்கில் இருக்கிறவன், வகுப்புக்கு ஒழுங்காக வராதவன், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, தாயும் தகப்பனும் வெளிநாட்டிலோ வேறு இடத்திலோ இருக்க அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளை, இவர்களை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவார்கள், வந்தால் போகமாட்டார்கள். எழுத வாசிக்கப் பின்தங்கிய ஒரு பிள்ளை அணித் தலைவராகி வரவுப் பதிவேடு எழுதுவதற்காகவே எழுத்துப் பழகியதை நான் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகள் கேட்டால் சாரணியர் குழு இருக்கிறதா என்று பாருங்கள், அந்தச் சங்கம் இலங்கையில் 1917இலிருந்து இருக்கிறது. இல்லையென்றால் ஒரு ஆசிரியையோடு சேர்ந்து தொடங்கச் சொல்லி அதிபரிடம் கேளுங்கள். அண்ணா சாரணர், தங்கை சாரணியர் என்று ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால் அந்தத் தாய் உங்கள் பெற்றோர் குழுவுக்கே தலைவியாகிவிடுவார்.

இப்போது செய்ய வேண்டியது என்று கேட்டால், இந்தத் தவணை முடிய முன் அந்த 11 பிள்ளைகளின் வீடுகளுக்கும் போய்விடுங்கள். பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள், என்ன தெரியும், எந்த நாள் ஓய்வு என்று கேட்டுக் கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய 3 பேரில் ஒருவராவது அந்த வீடுகளுக்குள்ளேயே இருப்பார். தரம் 6க்குப் புதிய பிள்ளைகள் வருகிற நேரத்துக்கு அந்த 3 பேரும் உங்களோடு நிற்க வேண்டும். சுற்றியுள்ள ஆரம்பப் பாடசாலைகளுக்கு அதற்கு ஒரு மாதம் முன்னரே போய் தரம் 5 பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு நடத்திவிட்டு வாருங்கள், புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த பிறகு போனால் ஆசிரியர்களும் சந்தோஷமாக விடுவார்கள். மாவட்ட ஆணையாளரிடம் குழுவின் வருடாந்தப் பதிவு நிலுவையில் இருக்கிறதா என்றும் இப்போதே கேட்டுவிடுங்கள், இடமாற்றத்தில் விடுபட்டிருக்கலாம்.

பெற்றோருக்குக் கொடுக்கிற அந்த ஒரு பக்கக் கடிதம் எங்கள் குழுவில் பாவிப்பது ஒன்று இருக்கிறது. வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன், பாடசாலைப் பெயரையும் நேரத்தையும் மாற்றினால் போதும்.